இரண்டாம் அறையைத் திறந்த பிறகு: வீட்டுச் செப்டிக் டேங்கைச் சீரமைத்த பதிவு

இந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கடந்த பிறகும் எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்கின் நீர்மட்டம் வெளிக்குழாயின், அதாவது தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் குழாயின், அடிவிளிம்பைத் தாண்டவில்லை. மூடியின் மேல்மட்டத்திலிருந்து நீர்ப்பரப்பு வரை கோடையில் 18 அங்குலம் இருந்தது. மழைக்குப் பிறகும் அதே 18 அங்குலம்தான். சென்ற ஆண்டு இதே பருவத்தில் அந்த இடைவெளி 11 அங்குலமாகச் சுருங்கி, தரைத்தளக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. இடைப்பட்ட காலத்தில் செய்த வேலைகளை, ஒரு மழைக்காலம் தாங்கிவிட்டன என்பது உறுதியான இப்போது, வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வீடு புதுக்கோட்டையின் புறநகரில், பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருவில் இருக்கிறது. 2009இல் கட்டியது. ஐந்து பேர், இரண்டு கழிப்பறைகள். பக்கச் சந்தில் தரைக்கடியில் செங்கல் கட்டுமானத்தில் தொட்டி. உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், நீரின் ஆழம் 5 அடி. ஏறத்தாழ 4,500 லிட்டர் கொள்ளும். அதிலிருந்து வெளியேறும் நீர் சுற்றுச்சுவரை ஒட்டிய ஓர் உறிஞ்சுகுழிக்குப் போகும். கோளாறு தொடங்கியதும் தெருவில் பலரும் தொட்டி சிறியது, இன்னொன்று கட்ட வேண்டும் என்றே சொன்னார்கள். செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் 2470 (IS 2470), இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதாக வைத்துக்கொண்டு, பத்துப் பேருக்கே 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீராழம் போதும் என்கிறது. அதாவது சுமார் 2,500 லிட்டர். ஆகவே கொள்ளளவு போதவில்லை என்ற காரணத்தை முதலிலேயே தள்ளிவைக்க முடிந்தது. நம் ஊரில் கொத்தனார்கள் பொதுவாகத் தேவையைவிடப் பெரிய தொட்டியைத்தான் கட்டுகிறார்கள். குழாய் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும்தான் கைச்சுருக்கம் காட்டுகிறார்கள்.

தொடக்கத்தில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: லாரியை அழைத்தோம். 2,800 ரூபாய்க்கு உறிஞ்சிப் போனார்கள். சில வாரங்கள் எல்லாம் சரியாக இருந்து, அடுத்த பெரிய மழையில் மறுபடியும் கழிப்பறைக்குள் களக் களக் என்ற ஓசையும் நாற்றமும் வந்தன. பிறகு கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி, ஒருவர் சொன்னதற்காக வெல்லமும் சாணமும் கரைத்த நீர், சேம்பரிலிருந்து மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்திப் பார்த்தல் என்று எல்லாமும் நடந்தன. தொட்டிக்குத் தேவையான நுண்ணுயிர்கள் நம் கழிவிலேயே நாள்தோறும் வந்து சேர்கின்றன. அவற்றை ஆசிட் ஊற்றிக் கொல்லாமல் இருந்தாலே போதும். பொடிக்கும் வெல்லத்துக்கும் செலவழித்ததில் எந்தப் பலனும் தெரியவில்லை.

வேலை சரியான பாதைக்குத் திரும்பியது நீர்மட்டத்தை அளந்தபோதுதான். செப்டிக் டேங்க் என்பது எப்போதும் வெளிக்குழாயின் மட்டம்வரை நிரம்பியே இருக்கும். உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே போகும். திறந்து பார்த்து நீர் தளும்புகிறது என்று லாரிக்காரரை அழைப்பதில் பொருளில்லை. பார்க்க வேண்டியது நீர்மட்டம் வெளிக்குழாயின் அடிவிளிம்புக்கு நேராக இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதை. நேராக இருந்தும் கழிப்பறை அடைத்தால் கோளாறு வீட்டிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயில்; மேலே இருந்தால் தொட்டிக்கு அப்பால். எங்கள் தொட்டியில் உட்குழாயின் அடிவிளிம்பு மூடிமட்டத்திலிருந்து 16 அங்குலக் கீழே, வெளிக்குழாயினது 18 அங்குலக் கீழே. நீரோ 11 அங்குலத்தில் நின்றது. அதாவது வெளிக்குழாய்க்கு மேல் 7 அங்குலமும் உட்குழாய்க்கு மேல் 5 அங்குலமும் ஏறியிருந்தது. கழிப்பறைப் பக்கம் பிளாச்சு விட்டதெல்லாம் வீண்வேலை என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிட்டது.

வெளிக்குழாயைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாம் அறையைத் திறக்க வேண்டும். தொட்டியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் ஒரு குறுக்குச் சுவர் வைத்து இரண்டு அறைகளாகப் பிரிப்பது வழக்கம், எங்களுடையதிலும் அப்படியே. ஆனால் இரண்டாம் அறைக்கான மூடிமேல் சந்துக்கு டைல்ஸ் போட்டபோது சேர்த்துப் பதித்துவிட்டார்கள். சுத்தியலால் தட்டி ஓசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தோம். அடியில் முழுவதும் தொட்டி என்பதால் எங்கு தட்டினாலும் ஒரே ஓசைதான் வந்தது. முதல் மூடியின் நடுவிலிருந்து காற்றுக்குழாய் இருக்கும் கடைசிச் சுவர்வரை டேப் பிடித்து, அந்தச் சுவரிலிருந்து ஒன்றரை அடி உள்ளே குறித்து உளியால் உடைத்ததில் நான்கு டைல்ஸோடு மூடியின் விளிம்பு கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளாக அந்த மூடி திறக்கப்படவில்லை என்பதற்கு அதன் விளிம்பில் உடையாமல் இருந்த கட்டுக்காலச் சிமென்ட் பூச்சே சான்று.

இரண்டு மூடிகளையும் கடப்பாரையால் நெம்பி நகர்த்தி, சந்தின் இரு முனைகளையும் கயிறு கட்டி அடைத்து, அரை நாள் காற்றாட விட்டோம். உள்ளே உருவாகும் மீத்தேன் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் குறைந்துவிட்டது என்று ஏமாந்து தலையை உள்ளே நீட்டியவர் அங்கேயே மயங்கி விழக்கூடும். ஆகவே மொத்த வேலையிலும் ஒரு விதியை வைத்துக்கொண்டோம்: தொட்டிக்குள் கருவி போகலாம், யாருடைய தலையும் மூடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. பின்னால் வெளிக்குழாயில் டீ (T வடிவக் குழாய் இணைப்பு) பொருத்தும் முறையைத் தீர்மானித்ததும் இந்த விதிதான்.

கசட்டின் கனத்தை அளக்க, எட்டடி நீளமுள்ள முக்கால் அங்குலப் பிவிசிக் குழாயின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துவாலையை இறுக்கிச் சுற்றி, நைலான் கயிற்றால் கட்டினேன். அதை மெதுவாகத் தரையைத் தொடும்வரை இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் பிடித்திருந்து, செங்குத்தாக மேலே இழுத்தால் கசடு இருந்த உயரம்வரை துவாலையில் கருந்துகள்கள் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் வெறும் ஈரம்தான். மேலே மிதக்கும் ஏட்டின் கனத்துக்கு இன்னொரு குழாய்: நுனியில் ஓர் எல்போவும் (வளைவு இணைப்பு) ஆறங்குலத் துண்டும் மாட்டி, ஏட்டைத் துளைத்துக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் திருப்பி, மேலே தூக்கும்போது ஏட்டின் அடி தட்டுப்படும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை. இந்த வேலை முழுவதிலும் மிகவும் பயன்பட்ட கருவி இதுதான்.

முதல் அறையில் கசடு 4 அங்குலம். அண்மையில்தான் லாரி வந்துபோனது என்பதால் அது எதிர்பார்த்ததே. இரண்டாம் அறையில் கசடு 21 அங்குலம், மேலேடு 8 அங்குலம்; அன்றைய மொத்த நீராழமான 67 அங்குலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். கசடும் ஏடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். குறுக்குச் சுவரில் நடு உயரத்தில் திறப்புகள் இருப்பதால், முதல் அறையை உறிஞ்சும்போது இரண்டாம் அறையின் நீரும் அந்தத் திறப்பு மட்டம்வரை வடிந்துவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு முழுத் தொட்டியும் காலியானதுபோல் தோன்றும். அடிக்கசடோ இருந்த இடத்திலேயே இருக்கும். இத்தனை ஆண்டுகளும் நாங்கள் பாதித் தொட்டியைத்தான் சுத்தம் செய்திருக்கிறோம்.

இரண்டாவது முறை லாரி வந்தபோது இரண்டு அறைகளையும் உறிஞ்சுகுழியையும் சேர்த்து இரண்டு லோடு எடுத்தார்கள், 5,600 ரூபாய். உரிமம் பெற்ற வண்டியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். இரண்டாம் அறையின் அடிக்கசடு கெட்டிப்பட்டிருந்ததால் ஓஸில் ஏறவில்லை. வந்தவர்களில் இளையவர், "அண்ணே, ஒரு வாளி குடுங்க, இறங்கி அள்ளிவிட்ருறேன், அரை மணி நேர வேலதான்" என்றார். "வேண்டாம் தம்பி, எவ்வளவு நேரம் ஆனாலும் ஓஸாலேயே முடிங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடைசெய்கிறது. அந்தத் தடை வீட்டுக்காரருக்கும் பொருந்தும், முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. இவையெல்லாம் இருந்தும், வாளி கேட்பது தொழிலில் இன்னும் இயல்பாக இருக்கிறது. பிறகு அவர்களே ஒரு வழி செய்தார்கள்: பம்பைத் திருப்பி இயக்கி, டேங்கரில் ஏற்றிய நீரில் கொஞ்சத்தை அழுத்தத்தோடு மறுபடியும் அடியில் பாய்ச்சிக் கசட்டைக் கலக்கி, உடனே உறிஞ்சினார்கள். மூன்று முறை இப்படிச் செய்ததும் கரைந்து வந்துவிட்டது. அடியில் ஓரங்குலம் மட்டும் விடச் சொன்னேன். புதிதாக வரும் கழிவு செரிப்பதற்கு அது உறைமோராக உதவும்.

காலியான பிறகு கைவிளக்கின் ஒளியில் வெளிக்குழாய் தெரிந்தது. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த வெறும் நான்கங்குலக் குழாய், டீ இல்லை. கோளாறின் வேர் இதுதான். டீயின் கீழ்க்கை நீருக்குள் இறங்கியிருந்தால் ஏட்டுக்கும் கசட்டுக்கும் இடையிலுள்ள தெளிநீர் மட்டும் வெளியேறும். இங்கே நீர்ப்பரப்பிலேயே குழாயின் வாய் இருந்ததால், மிதந்த கொழுப்பும் ஏடும் நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் அதன் பக்கங்களை மெழுகிவிட்டன.

டீ பொருத்துவது எளிய வேலை. உள்ளே குனியாமல் பொருத்துவதுதான் கடினம். தொட்டிக்கு வெளியே, குழாய் வெளிவரும் இடத்தில் இரண்டரை அடிக்குத் தோண்டி, பழைய குழாயைச் சுவரோடு சேரும் இடத்தில் ஹேக்சா பிளேடால் அறுத்து, எஞ்சிய துண்டைச் சுற்றியிருந்த கலவையை உளியால் கொத்தி வெளிப்பக்கமாக உருவி எடுத்தோம். 110 மில்லிமீட்டர் டீயின் பக்கக் கையில் ஓரடித் துண்டு, கீழ்க்கையில் நீர்மட்டத்துக்கு 22 அங்குலக் கீழே முடியும்படி வெட்டிய துண்டு, மேல்கையில் மூன்றடிக் குழாய் எனத் தரையிலேயே ஒட்டி முடித்தோம். அந்த மூன்றடிக் குழாயைப் பிடியாகக் கொண்டு, நின்ற நிலையிலேயே மூடித்துளை வழியாக இறக்கி, பக்கக் கையைச் சுவர்த்துளைக்குள் தள்ளினார் கொத்தனார். வெளியே குழியில் நின்ற நான் அதன் நுனியைப் பிடித்து இழுத்துக் கப்ளர் (இரு குழாய்களைச் சேர்க்கும் இணைப்பு) மாட்டினேன். மேல்கையைப் பின்னர் மூடிக்கு மூன்று அங்குலம் கீழேவரை வைத்துக்கொண்டு அறுத்துவிட்டோம். அதன் வாய் திறந்திருப்பதால் நாளை அடைப்பு வந்தால் மேலிருந்தே கம்பி விடலாம். சுவர்த்துளையை 1:3 கலவையில் நீர்க்காப்புத் திரவம் சேர்த்து வெளியிலிருந்து அடைத்தோம். உட்குழாயில் டீ ஏற்கெனவே இருந்தது.

அடுத்தது உறிஞ்சுகுழி. பழையது மூன்றடி விட்டமுள்ள உறைகளை (வளையங்களை)ச் சிமென்ட் வைத்து இணைத்து, உள்ளே செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பியது. துண்டுகளை எடுக்க வேண்டுமானால் ஆளை இறக்க வேண்டும். அதனால் அதைத் தொடவில்லை. அதைவிட முக்கியமான காரணம், அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 40 அடியில் இருந்தது. குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது தரநிர்ணயம். மனையின் எதிர்மூலையில் 62 அடி, அதாவது 18.9 மீட்டர் கிடைத்தது. வீட்டிலிருந்து 6 மீட்டர் என்பது மட்டும் இயலவில்லை. 14 அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

தோண்டுவதற்கு முன் மண் நீரைக் குடிக்குமா என்று பார்த்தோம். ஆறங்குல அகலத்தில் மூன்றடிக் குழி, அடியில் இரண்டங்குலம் ஜல்லி, முந்தைய இரவு நீர் நிரப்பி மண்ணை ஊறவிட்டு, மறுநாள் அளவுகோலை நட்டு அளந்ததில் நீர் 25 மில்லிமீட்டர் இறங்க 11 நிமிடம் ஆயிற்று. 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 நிமிடம் என்றால் நீளப் பள்ளங்களில் பரப்பிவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் மண்ணை நம்பக் கூடாது. எங்கள் பக்கத்துச் செம்பூரான் கல் கடப்பாரைக்கு இடம் கொடுக்காது, ஆனால் தண்ணீரைத் தாராளமாக உள்ளே விடும். காவிரிப் படுகையின் களிமண்ணில் வீடு வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் எங்கள் அளவைப் பின்பற்ற வேண்டாம்.

ஏழடி ஆழம் தோண்ட 6,500 ரூபாய். மதிப்பீட்டைவிடக் கூடுதல், காரணம் நாலடிக்குக் கீழே கல் இன்னும் இறுகிவிட்டது. துளையிட்ட மூன்றரை அடி உறைகள் ஏழு, கலவையின்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளியே மூன்று அங்குல இடைவெளியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பி, அடியில் ஓரடி ஜல்லி பரப்பினோம். உள்ளே எதையும் கொட்டவில்லை. காலியாக இருந்தால்தான் பின்னால் ஓஸ் விட முடியும். தொட்டியிலிருந்து 40 அடிக் குழாய்க்கு மட்டக்குழாய் பிடித்து 6 அங்குலச் சரிவு கொடுத்தோம். நடுவில் சிறிய சேம்பர் வைத்து, பழைய குழிக்குப் போகும் வழியை மூடியிட்டு அடைத்திருக்கிறேன். அவசரத்துக்கு மட்டும் அது.

சில்லறை வேலைகளில் இரண்டு, எதிர்பாராத அளவுக்குப் பலன் தந்தன. கழிப்பறை ஃபிளஷ் தொட்டிகளில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, யாரும் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விட்டதில், ஒன்றின் கோப்பைக்குள் நீலம் கசிந்து வந்தது. 60 ரூபாய் வாஷர் மாற்றியதும் இரவும் பகலும் செப்டிக் டேங்குக்குள் ஓடிக்கொண்டிருந்த நீர் நின்றது. சலவை இயந்திரத்தின் கழிவுநீரையும் பிரித்து வாழைக்குத் திருப்பினோம். ஒரே நேரத்தில் பாயும் அந்த நீர் தொட்டியைக் கலக்குவதும் நூல்துகளைக் குழிக்கு அனுப்புவதும் நின்றன. காற்றுக்குழாய் ஏழடியில் சமையலறைச் சன்னல் அருகே முடிந்திருந்தது. அதை மொட்டைமாடிக்கு மேல் இரண்டு மீட்டர் நீட்டி, கொசு புகாதபடி நைலான் வலை கட்டினோம்.

இறுதிக் கணக்கில் லாரி 5,600, உறைகளும் மேல்மூடியும் 4,550, தோண்டுகூலி 6,500, ஜல்லி 2,400, குழாயும் இணைப்புகளும் 3,870, கொத்தனார் கூலி 2,800, தொட்டிக்குப் புதிய இரண்டு மூடிகள் 1,900, காற்றுக்குழாய் 640. ஆக 28,260 ரூபாய். பயனின்றிப் போன முதல் லாரியையும் சேர்த்தால் 31,060. இதில் டீயின் விலை 180 ரூபாய். கட்டும்போதே அதை வைத்திருந்தால் குழியின் செலவு வந்திருக்காது, அல்லது இன்னும் பல ஆண்டு தள்ளிப்போயிருக்கும்.

ஓராண்டுக்குப் பின் துவாலைக் குழாயை மறுபடியும் இறக்கினேன். முதல் அறையில் கசடு 7 அங்குலம், ஏடு 2. இரண்டாம் அறையில் கசடு ஒன்றரை அங்குலம், ஏடு இல்லை. விட்டுவைத்த ஓரங்குலத்தைக் கழித்தால் முதல் அறையில் சேர்ந்தது ஏறத்தாழ 300 லிட்டர், ஆளுக்கு 60. இந்த வேகத்தில் முதல் அறையின் கசடு 18 அங்குலத்தை எட்ட இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும்; அந்த எண் வரும்போது லாரியை அழைப்பேன், அதற்கு முன் இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் மாற்ற விரும்புபவை சில உண்டு. கான்கிரீட் மூடிகளைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருப்பதால் அளப்பதே தள்ளிப்போகிறது. விலை கூடினாலும் நார்ப்பிளாஸ்டிக் மூடி வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு மூடியிலும் இரண்டங்குலக் குழாய் ஒன்றைத் திருகுமூடியோடு பதித்திருந்தால், மூடியைத் திறக்காமலே நீர்மட்டத்தையும் கசட்டையும் அளந்துவிடலாம். அடுத்த கோடையில் துளையிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அதைச் செய்ய எண்ணியிருக்கிறேன். புதிய குழிக்குப் போகும் குழாயில் நடுச் சேம்பரைத் தவிர வேறு திறப்பு இல்லை. 40 அடியில் குழிக்கு அருகே இன்னொன்று வேண்டும். டைல்ஸை மட்டும் இந்த முறை மூடிகளின்மேல் ஒட்டவில்லை.